ஏர்கூலருக்குள் ஒரு கம்பளிச் சட்டை

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலைத் தூறல். 4.50க்கு எழுந்தேன். கலா கண்ணைத் திறக்காமலே, "கொட எடுத்துக்கினு போங்க" என்றாள். வாக்கிங் போகிறவனுக்குக் குடை சரிதான். எடுத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரை பெஞ்சுக்கடியில் சும்மா கிடந்தது.

பருத்திப்பட்டு ஏரி. ஓட்டம், 3 சுற்று. இன்று முதல் கம்பளிச் சட்டை.

சட்டை வந்த கதை. எங்கள் அம்பத்தூர் கம்பெனிக்குப் புது மெஷின் பொருத்த ஆஸ்திரியாவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். இரண்டு வாரம். தினமும் காலையில் எஸ்டேட் ரோட்டில் ஓடிவிட்டு அதே சட்டையோடு ஷாப் ஃப்ளோரில் வந்து நிற்பார். பக்கத்தில் நின்று டிராயிங் பார்த்திருக்கிறேன். துளி நாற்றம் இல்லை. கேட்டேன். கம்பளி என்றார். மெரினோ என்று ஒரு ஆட்டு ரோமமாம். நம் பனியன் மாதிரி மெல்லிசு. ஊருக்குப் போகிற அன்று, பிரிக்காத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கருஞ்சாம்பல் நிறம். எனக்கு ஒரு சைஸ் பெரிசு.

தாஸ் பார்த்ததும் சிரித்தான். முத்தாபுதுப்பேட்டைக்காரன், ஆவடி - பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஓடுவதில் எனக்கு இருக்கிற ஒரே கூட்டாளி.

"இன்னா மாமே, கம்பளி போட்டுகினு ஓடுறே. இந்த ஊர்ல ஆட்டுக்கே வேர்க்குது."

ஓடி முடித்ததும் அதைக் கழற்றிப் பையில் போட்டேன். காட்டன் சட்டையை மாட்டிக்கொண்டு, நடந்துவிட்டு வந்தவன் முகத்தோடு வீடு. மாடிப்படிக்குக் கீழே பழைய ஏர்கூலர் கிடக்கிறது, மோட்டார் போனது. அதன் பின் தகட்டைத் திறந்து, சட்டையை உள்ளே கம்பியில் மாட்டினேன்.

இந்த நோட்டு கம்பெனி டிராயரில் இருக்கும். வீட்டுக்குப் போகாது; மாலையில் நடப்பதை மறுநாள் வந்து எழுதிக்கொள்வேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மேகமூட்டம். ஓ. 3 சுற்று. சட்டை நேற்றைய ஈரம் முழுக்கக் காய்ந்திருந்தது. மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

நாற்பத்து நாலு வயதில், சொந்த வீட்டுப் படிக்கட்டுக்கடியில், திருடன் மாதிரி சட்டை மோந்துகொண்டு நிற்கிறேன். எதற்காக என்பதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிறு, பத்து கிலோமீட்டர் ஓட்டம். மார்பு முழுக்க ரப்பர் பிரிண்ட் அடித்த பாலியெஸ்டர் பனியன், உள்ளே காற்றே போகாது. தண்ணீரும் குடிக்கவில்லை, திமிர். கடைசி கிலோமீட்டரில் கண் இருண்டது. எழுந்தபோது கையில் டிரிப். இதயத்தில் ஒன்றுமில்லை, வெயிலும் தண்ணீர் இல்லாததும்தான், கொஞ்ச நாள் நடங்கள் போதும் என்றார் டாக்டர்.

டாக்டர் சொன்னது கலாவுக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்த அன்று மாலை நந்தினியைக் கூப்பிட்டு என் முன்னால் உட்கார வைத்தாள். என் கையைப் பிடித்துக் குழந்தை தலையில் வைத்தாள். "இனிமே ஓட மாட்டேன்னு பாப்பா தலையில அடிச்சி சத்தியம் பண்ணுங்க."

செய்தேன். நந்தினிக்கு அப்போது பத்து வயது. என்ன ஏது என்று புரியாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்த தலை. அந்தப் பிசுக்கு இன்னும் உள்ளங்கையில் இருப்பது போல் சில சமயம் தோன்றும்.

ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றினேன். இந்த செப்டம்பரில் மீறினேன். முதலில் கால் சுற்று, அப்புறம் அரை, வேர்க்காத அளவுக்கு. மூன்று சுற்று இந்தச் சட்டை வந்த பிறகுதான். மெதுவாக ஓடினால் அது ஓட்டமா என்று எனக்கே ஒரு வக்கீல் வாதம். பொய். ஓட்டம்தான்.

நவம்பர் 6, வியாழன்

நல்ல மழை. தாஸ் வரவில்லை. தனியாக ஓ. 3. தொப்பலாக நனைந்தேன். காட்டனாக இருந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுங்க வைத்திருக்கும். இது நனைந்தும் உள்ளே வெதுவெதுப்பு. ஆச்சரியம்.

கூலருக்குள் சொட்டச் சொட்ட மாட்டினேன். மணலி பேருந்து ஒன்று கம்பெனி வாசலில் நின்றுபோய், மெயின் ரோடே ஸ்தம்பித்தது. லேட் மார்க்.

நவம்பர் 7, வெள்ளி

ஓ. 3. தாஸுக்கு இருமல்.

மாலை நந்தினிக்குப் பின்னக் கணக்கு. மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா. நாலு தடவை தப்பாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. இட்லியை வெட்டிக் காட்டினேன். கலா அடுப்படியிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

நவம்பர் 8, சனி

வெயில். இரண்டாம் சனி, கம்பெனி லீவு, ஆனாலும் இன்ஸ்பெக்‌ஷன் என்று கூப்பிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் எழுதியது:

கம்பளி - ஓடுகிறவனுக்கு நன்மைகள்
1. நனைந்தாலும் காட்டன் அளவுக்குக் கனக்காது, உடம்பில் ஒட்டாது.
2. மழையில் சில்லிடாது.
3. எத்தனை நாள் துவைக்காமல் போட்டாலும் நாறாது.
4. மார்க்காம்பு தேயாது. (பாலியெஸ்டரில் ரத்தமே வந்திருக்கிறது.)
5. வேர்வையைத் தோலிலேயே நிற்க விடாமல் இழுத்துக்கொள்கிறது. வெயிலிலும் புழுங்கவில்லை.
குறை: முதல் நாள் கழுத்தில் லேசான அரிப்பு. பழகிவிட்டது.

எனக்கு வேண்டியது மூன்றாவதுதான். மற்றதெல்லாம் உபரி.

நவம்பர் 12, புதன்

பனி மாதிரி ஒரு மூட்டம். ஓ. 4 சுற்று, முதல் தடவையாக.

பத்து நாள் ஆகிறது. கலாவின் மூக்கைத் தாண்டிவிட்டது கம்பளி. அந்த மூக்கைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். கேட்டில் நின்றபடி எதிர் வீட்டில் இன்றைக்குக் கருவாடா, சுறாப் புட்டா என்று சொல்லிவிடுவாள். எட்டு வருஷத்துக்கு முன் நான் விட்டுவிட்டதாகச் சொன்ன சிகரெட்டை, சோப்பு போட்டுக் கழுவிய விரலில் கண்டுபிடித்தவள். பாலியெஸ்டராக இருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன்.

தாஸிடம் சட்டையை நீட்டி மோந்து பார்க்கச் சொன்னேன்.

"போ மாமே, காலங்காத்தால" என்று தள்ளினான். அப்புறம் மோந்தான். "அட, பூ மாதிரி கீதே. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

நவம்பர் 15, சனி

மழை இல்லை. தெருவில் தேங்கிய தண்ணீர் மட்டும் போகவே இல்லை. காலி மனையில் பச்சையாக நிற்கிறது. மருந்து அடிக்க ஆள் வந்ததாகக் கலா சொன்னாள், நான் பார்க்கவில்லை.

நந்தினி குளியலறையிலிருந்து கத்தினாள். "மா, என் ஷாம்பு மறுபடியும் தீர்ந்துபோச்சு." கலா, "முடி வளருதுல்ல, அதான்" என்றாள்.

வாங்க வேண்டியவை: ஷாம்பு, கொசு வலை (ஜன்னல் அளவு எடுக்க வேண்டும்), நந்தினிக்கு கிராஃப் நோட்டு.

நவம்பர் 17, திங்கள்

ஓ. 4. இரவுச் சாப்பாட்டின்போது கலா, தட்டைப் பார்த்துக்கொண்டே, "இப்பல்லாம் நீங்க கத்துறதில்ல" என்றாள். நான், வாக்கிங் போகிறேன் இல்லையா, மனசு லேசாக இருக்கிறது என்றேன். "ம்" என்றாள்.

அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் அளவு இன்னும் எடுக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

புழுக்கம். நந்தினி பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துவிட்டாளாம். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள். தொட்டுப் பார்த்தேன், சூடு. மாத்திரை, கஞ்சி. மழைக்காலக் காய்ச்சல், வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கிறதாம்.

நவம்பர் 20, வியாழன்

எழுதக் கூசுகிறது. ஆனாலும் இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

காலையில் காய்ச்சல் விட்டது போல் இருந்தது. குழந்தை தூங்கினாள். ஒரே ஒரு சுற்று என்று போனேன். தாஸ் சிரிக்க வைத்தான், இரண்டாகிவிட்டது. சட்டையைக் கூலரில் மாட்டிவிட்டு உள்ளே போனால், கலா தெர்மாமீட்டரோடு நிற்கிறாள். 103.

"எங்க போயிட்டீங்க இவ்ளோ நேரம்?"

பால் பூத்தில் கூட்டம் என்றேன். கையில் பால் இல்லை. அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டாள். ஈரத்துணியை நந்தினியின் நெற்றியில் போட்டேன். தலையைத் தொடாமல் போட்டேன். அதை நானே கவனித்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

டெங்கு. ஆவடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, வார்டில் எல்லாம் குழந்தைகள். பிளேட்லெட் 98 ஆயிரம். குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டுமாம்.

நோட்டைக் கம்பெனியிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். லீவு லெட்டர் கொடுக்கப் போனபோது. பையின் அடியில், டவலுக்குக் கீழே.

நந்தினி கையில் ஊசி ஏற்ற மூன்று தடவை குத்தினார்கள். அழவில்லை. "பா, நாளைக்கு கிராஃப் நோட்டு கொண்டு போகலன்னா மிஸ் திட்டுவாங்க" என்றாள்.

நவம்பர் 22, சனி

61 ஆயிரம்.

நன்றாகத் தெரியும். டெங்கு கொசுவால் வருகிறது. காலி மனைத் தண்ணீர். நான் அளவு எடுக்காத ஜன்னல். எல்லாம் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் அந்த எண்ணெய்த் தலைதான். என் கை. என் வாய் சொன்ன வார்த்தை. பள்ளியில் அறிவியல் படித்தவன், மைக்ரான் அளவில் வேலை பார்க்கிறவன், இதை நம்புகிறாயா என்று கேட்டால், இல்லை என்பேன். உள்ளே நம்புகிறேன். வேறு யாரோ செய்த சத்தியம் என்றால் சிரித்திருப்பேன்.

தாஸ் இட்லி கொண்டுவந்தான். வராண்டாவில் நின்று அவனிடம் சத்தியத்தைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னேன். இட்லிப் பொட்டலத்தை என் கையில் திணித்தான். பிறகு, "லூசு மாதிரி பேசாத மாமே. கொசு இன்னா உன் சத்தியத்த கேட்டுகினா வந்து கடிச்சிச்சி?" என்றான்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"இருந்தாலும், எதுக்கும் கொஞ்ச நாளு ஓடாத."

நவம்பர் 23, ஞாயிறு

44 ஆயிரம். காய்ச்சல் இறங்குகிறது. சந்தோஷப்பட்டேன். டாக்டரம்மா, காய்ச்சல் விட்ட பிறகுதான் இரண்டு நாள் உஷாராக இருக்க வேண்டும், ஈறில் ரத்தம் வருகிறதா, வயிறு வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்.

கலா காலையில் திருவேற்காடு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். அவளுக்குப் பிறந்த ஊர். வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, நந்தினியின் தலையணைக்கடியில் வைத்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "அது எனக்கும் அம்மாவுக்கும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, படிக்கட்டுக்கடியில் போய் நின்றேன். சட்டையைக் குப்பை வண்டியில் போட்டுவிடுவதென்று முடிவு. வியாழக்கிழமை வேர்வையோடு மாட்டியது. மூன்று நாள்.

கூலரைத் திறந்தேன். சட்டை மாட்டியிருக்கவில்லை. மடித்திருந்தது. கைகள் உள்ளே போக, நாலு மூலையும் ஒன்றாக, துணிக்கடையில் மடிப்பது போல். இந்த வீட்டில் அப்படி மடிக்கிற ஆள் ஒருத்திதான்.

முகத்துக்குக் கொண்டு போனேன். நந்தினியின் ஷாம்பு.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தீர்ந்துகொண்டே இருந்த பாட்டில். பூ மாதிரி இருக்கிறதே என்று தாஸ் சொன்னது. எல்லாம் கம்பளியின் பெருமை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், முட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. வியாழக்கிழமை. குழந்தை 103ல் கிடந்த அன்று. அன்றும் துவைத்திருக்கிறாள்.

சட்டையைக் குப்பையில் போடவில்லை. ஆஸ்பத்திரிப் பையில் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

29 ஆயிரம். இருபதுக்குக் கீழே போனாலோ, எங்கேயாவது ரத்தம் கசிந்தாலோ ஏற்ற வேண்டியிருக்கும், ரத்தம் கொடுக்க ஆட்களைச் சொல்லி வையுங்கள் என்றார்கள். தாஸ் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேரை எழுதிக் கொடுத்தான். நான் ஐந்தாவது.

காலை பத்து மணி. நந்தினி தூங்கினாள். வராண்டாவில் தண்ணீர் கேன் பக்கத்தில் நானும் கலாவும். கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க ஓடுறது எனக்குத் தெரியும்."

சொட்டிக்கொண்டிருந்த கேன் குழாயை மூடினேன்.

"அஞ்சாம் நாளே தெரியும். மழ பெஞ்சிச்சே, அதுக்கு மறுநாளு. தொடப்பம் எடுக்கப் போனேன். கூலராண்ட ஒரே ஆட்டுக்கொட்டா நாத்தம். தொறந்தா இந்தச் சட்ட. இன்னிக்கி வரட்டும், மூஞ்சிலயே வீசுறேன்னு எடுத்து வச்சேன்."

"வீசியிருக்கலாமே."

"நீங்க வந்தீங்க. பாப்பாவ உக்கார வச்சி கணக்கு சொல்லிக் குடுத்தீங்க. நாலு வாட்டி தப்பு சொல்லிச்சி, நீங்க ஒரு வாட்டி கூட கத்தல. ஒரு வருசமா அப்படி உக்காந்ததே இல்ல நீங்க. ஊடு ஊடு மாதிரியே இல்லாம இருந்திச்சி. சரி, ஓடட்டும்னு உட்டுட்டேன்."

"அப்போ தொவச்சது எதுக்கு?" என்று கேட்டேன்.

"நாத்தம் வந்தா நான் கேக்கணும். கேட்டா நீங்க நிறுத்தணும். அதான், நாத்தமே வராம பாத்துக்கினேன்."

பிறகு உடைந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வார்டுக்குள் போய்விடக் கூடாது என்று.

"தலையில கை வச்சி சத்தியம் வாங்கினதும் நானு. மீறுறது தெரிஞ்சி சட்டைய தொவச்சிக் குடுத்ததும் நானு. அன்னிக்கி புள்ள அனலா கொதிக்குது, கை அது பாட்டுக்கு அந்தச் சட்டைய தொவச்சிகினு இருக்குது. திருவேற்காட்டு அம்மா யாரங்க கேக்கும்? உங்கள இல்ல. என்னத்தான் கேக்கும்."

மூன்று நாளாக நான் சுமந்த மூட்டையை அவளும் சுமந்திருக்கிறாள், என்னுடையதைவிடக் கனமானதை. ஒரே வார்டில், ஒரே கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் முன்னால் நான் அழுதது இன்றைக்குத்தான். மீறினது என் கால், உன் கை இல்லை என்றேன். அவள் கேட்கவில்லை. யார் பாவம் பெரிது என்று இரண்டு பேரும் சண்டை போடாத குறை. ஒரு நர்ஸ் வந்து, "ஏழாம் பெட் அம்மா, ஜூஸ் குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூஸ் கொடுத்தோம்.

நவம்பர் 25, செவ்வாய்

காலை 38 ஆயிரம்.

ஏறுகிறது. ரிப்போர்ட் சீட்டைக் கலா இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை நானாகப் படித்தேன்.

நந்தினி தயிர் சாதம் கேட்டாள். நாலு வாய். தலையணைக்கடியில் காசு குத்துகிறது என்றாள். கலா அதை ஓரமாக நகர்த்தினாள், எடுக்கவில்லை.

நவம்பர் 26, புதன்

74. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. டாக்டரம்மாவிடம் என் கதையையும் சொல்லிக் கேட்டேன். கலாவும் பக்கத்தில் நின்றாள். பழைய ஈசிஜி பார்த்தார். விடியற்காலை ஓடலாம், வெயிலில் கூடாது, தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். கலா, "எவ்ளோ தண்ணி?" என்று கேட்டாள். "எத்தினி சுத்து வரைக்கும்?" என்றும் கேட்டாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கேட்டாளே தவிர, ஓடலாம் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

டிஸ்சார்ஜ். தாஸ் ஆட்டோவில் வீடு. பள்ளத்தில் எல்லாம் அவன் எருமை மாதிரி மெதுவாகப் போனான், பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திட்டிக்கொண்டே.

வாசலில் கலா உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். நந்தினிக்கு மூன்று சுற்று சுற்றினாள். எனக்கு மூன்று. போகப் போனவள், ஏதோ யோசித்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பையிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்தாள். அதற்கும் மூன்று சுற்று. அடுப்பில் போட்டதும் மிளகாய் நெடி ஏறி எல்லோரும் தும்மினோம்.

அப்புறம் நந்தினியை என் முன்னால் உட்கார வைத்தாள், போன வருஷம் உட்கார வைத்த அதே இடத்தில்.

"வாங்கின சத்தியத்த திருப்பிக் குடுக்கணும். கைய வைங்க."

நந்தினி தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். "இனிமே யாரும் என் தல மேல சத்தியம் பண்ணாதீங்க. உங்க தலை மேலயே பண்ணிக்கோங்க."

உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அந்த நேரத்தில் எனக்குச் சிரிக்கவும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவளைக் கேட்காமலே நாங்கள் அடமானம் வைத்த தலை.

ஜன்னல்களுக்கு அளவு எடுத்தேன். மூன்று ஜன்னல், ஒரு வென்டிலேட்டர்.

நவம்பர் 30, ஞாயிறு

காற்று. வலை அடித்து முடித்தேன். காலி மனைத் தண்ணீருக்குத் தெருவே கையெழுத்துப் போட்டு மனு. தாஸ் தெருக்காரன் இல்லை, அவனும் போட்டான்.

காலையில் ஏரி வரை போனேன். தடத்தில் நின்றேன். கால் எழவில்லை. மூச்சு இருந்தது, தெம்பு இருந்தது, கால் மட்டும் எழவில்லை. தாஸ் ஒரு சுற்று முடித்து வந்து, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனான். நடந்து திரும்பினேன்.

டிசம்பர் 1, திங்கள்

இருட்டோடு பனி. 4.50. விளக்கைப் போட்டால் நாற்காலியில் கம்பளிச் சட்டை, மடித்தபடி. பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டது. குடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கலா விழித்திருந்தாள்.

"ஓடப் போறேன்" என்றேன். பதினெட்டு மாதத்தில் இந்த வார்த்தையை வீட்டுக்குள் சொல்வது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு சுத்து. விடிஞ்சா வந்துடணும்."

"சரி."

வாசலில் செருப்புக்குப் பதிலாக ஷூவை மாட்டினேன், திறந்த கதவுக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில். நந்தினி தூங்கிக்கொண்டிருந்தாள். போகும்போது தலையை லேசாகத் தொட்டேன். எதுவும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை. சும்மா தொட்டேன்.

ஓ. 2 சுற்று. மெதுவாக. இரண்டாவது சுற்றில் அழுதேன், தாஸ் பார்க்காத மாதிரி முன்னால் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கலா கையிலேயே கொடுத்தேன். நான் துவைக்கிறேன் என்றேன். "நீங்க தொவச்சா இழுத்துப் புழிஞ்சி நாசம் பண்ணுவீங்க" என்றாள். மோந்து பார்த்தாள்.

"உண்மையச் சொல்லு. இது எத்தினி நாளு நாறாம இருந்திச்சி?"

"நாலு நாளு. பொய் சொல்லக் கூடாது, நாலு நாளு சுத்தமா ஒண்ணுமே இல்ல. நல்ல துணிதான்."

நோட்டு இப்போது வீட்டில்தான் இருக்கிறது, டிவி ஸ்டாண்டின் மேல். நவம்பர் 8 பக்கத்தைத் திருப்பி, பட்டியலில் மூன்றாவதை அடித்துத் திருத்தினேன்:

3. நாலு நாள் வரை நாறாது. அதற்கு மேல் கலா.